காய்ச்சல் விட்டதும் காலைத் தொட்டுப் பாருங்கள்



பிள்ளைகளுக்கு நோய் வரக் காரணம் வறுமையா, அலட்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அலட்சியம் என்று பேச வந்தவள். யார் அலட்சியம் என்று கேட்டால், முதலில் என்னைத்தான் சொல்லணும் அய்யா. (சிரிப்பு)

முப்பது வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். எங்க வார்டுக்குக் காலண்டரே வேண்டாம். கோடையில் வயிற்றுப்போக்கு. சாரல் விழுந்தால் சளி, இளைப்பு. ஐப்பசி மழைக்கு அப்புறம் காய்ச்சல். 2012-ல் அந்தக் கணக்கு தப்பிப்போச்சு. மே, ஜூனிலேயே கடையநல்லூர் பக்கமிருந்து காய்ச்சல் பிள்ளைகளாக வந்தாக. டெங்கு!

அருவி கொட்டுற ஊருக்குப் பக்கத்திலே தண்ணிக் கஷ்டமான்னு கேட்பீங்க. குழாயில் தண்ணி எப்போ வருதோ அப்போ பிடிச்சு வைக்கணும். டிரம், தொட்டி, அண்டா எல்லாம் நிறையும். இந்தக் கொசு சாக்கடைக்குப் போகாது. அந்த நல்ல தண்ணியைத்தான் தேடி வரும். பகலில் கடிக்கும். தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற முட்டை, காய்ஞ்சாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்க்கணும்.

வார்டில் ஒவ்வொரு தாயும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "நேத்தே காய்ச்சல் விட்டுட்டும்மா, இன்னைக்கு ஏன் துவண்டு கிடக்கான்?" மூணாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, மூத்திரம் குறையும், கை கால் சில்லிடும்.

இவ்வளவும் தெரிந்த என் வீட்டில் என்ன நடந்தது? அதே ஜூன் மாசம் என் பேத்திக்கு அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டது. "வயிறு வலிக்கு ஆச்சி" என்றாள். "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கா" என்று சொன்னவள் நான்தான் அய்யா! ஷூ மாட்டக் காலைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூணு நாள் குளுக்கோஸ் ஏறியது. பிழைத்தாள். (கைதட்டல்)

வீட்டுக்கு வந்து புழக்கடை டிரம்மைத் திறந்து டார்ச் அடித்தேன். புழு நெளியுது. மூடி அரைகுறையாகக் கிடந்தது.

நிலவேம்புக் கஷாயம் குடிக்க வேண்டாம்னு நான் சொல்லலை. குடிச்சிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திராதீங்க. கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. சிலது ரத்தக்கசிவைக் கூட்டும்.

எதிரணித் தம்பிக்கும் ஒரு வார்த்தை. தினமும் குழாயில் தண்ணி வந்தால் எங்களுக்கு டிரம் எதுக்கு? அந்த அலட்சியம் தாய்மார் கணக்கில் சேராதுப்பா. (கைதட்டல்)

பேத்தி இப்போ காலேஜ் போறா. ஞாயிற்றுக்கிழமை டிரம்மைத் தேய்க்கிறது அவ வேலை. நான் பக்கத்தில் நின்னு டார்ச் அடிப்பேன்.