931-தான் காட்டுது, ஏமாத்திட்டாங்களா?

போன்ல இடம் இல்லைன்னு ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்குறோம். அட்டையில் 1 டி.பி. (1000 ஜி.பி.) என்று போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல செருகினா 931 ஜி.பி.தான் காட்டுது. மீதி 69 எங்க போச்சு?

சித்திரை வீதியில் பூ வாங்குறதை நினைச்சுக்கோங்க. ஒரே மல்லிகைச் சரத்தை, கை குட்டையான அக்கா அளந்தா பத்து முழம் வரும். கை நீளமான அண்ணன் அளந்தா ஒன்பது சொச்சம்தான். பூ குறையலை, முழம்தான் வேற. தயாரிப்பாளருக்கு 1 ஜி.பி. என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கு அது 107 கோடியே சொச்சம், ஏன்னா அது ஆயிரம் ஆயிரமா இல்லாம 1024, 1024-ஆ எண்ணுது. அதனாலதான் 2 டி.பி. டிஸ்க்கும் 1.81 என்று தெரியும். அமெரிக்காவில் இதுக்காக வழக்கே போட்டாங்க. 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சமரசத்துக்கு வந்தது. வாங்கினவங்களுக்குக் கிடைச்சது ஒரு பேக்கப் சாஃப்ட்வேர், அவ்வளவுதான்!

உண்மையான ஏமாத்து வேலை வேற. ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு 16 டி.பி.ன்னு வரும். உள்ளே இருக்கிறது ஒரு சின்ன மெமரி கார்டு. பொய்யான அளவைச் சொல்லும்படி அதை மாத்தி வச்சிருப்பாங்க. காப்பி ஆகிற மாதிரியே தெரியும். அப்புறம் பார்த்தா கல்யாண வீடியோவோட பேர் மட்டும் இருக்கும், திறக்காது. அதனால புது டிஸ்க்கில் எதையும் ஏத்துறதுக்கு முன்னாடி, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்க. முழுசா எழுதி, திரும்பப் படிச்சு, உள்ளதைச் சொல்லிடும். பில்லைத் தூக்கிப் போடாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எது உழைக்கும்? ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கு. ஓடும்போது கீழே விழுந்தா ஆபத்து. பல மாடல்களுக்கு வெப்ப வரம்பு 35 டிகிரிதான், நம்ம ஊர் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும். வண்டி டிக்கியில வைக்கிற பழக்கம் வேண்டாம். எஸ்.எஸ்.டி.யில சுத்துற பாகமே கிடையாது. விலை கூடுதல்தான், ஆனா போன்ல நேரா செருகுறவங்களுக்கு அதுதான் தோது. ஐ.பி.67 என்று போட்டிருந்தா தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும். ஃபார்மேட் எக்ஸ்ஃபேட்டா இருக்கட்டும். பழைய ஃபேட்32-ல 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலை ஏத்த முடியாது.

2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி, செல்லூர் பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. பட்டா நனைஞ்சா இ-சேவை மையத்தில் மறுபடி எடுத்துக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும். அப்பத்தா பேசின வீடியோ எந்த சர்வரிலும் இல்லை. அதனால பெருசா ஒண்ணு வாங்குற காசில் சின்னதா ரெண்டு வாங்குங்க. ரெண்டாவதை மேலூர்லயோ திருமங்கலத்திலயோ சொந்தக்காரங்க வீட்டில் கொடுத்து வைங்க. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசை ஏத்திட்டு வரலாம். எஸ்.எஸ்.டி.யை வருஷக்கணக்கா கரண்ட் கொடுக்காமப் போட்டு வைக்கக் கூடாது, அந்த வேலையும் அப்படியே முடிஞ்சிடும்.