கொழுந்தும் மூலிகையும்



கண்டி நகருக்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலையில், 1925ஆம் ஆண்டு கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை, 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை அரும்பொருட்காட்சியகமாக விளங்குகின்றது. அங்குள்ள பழைய இயந்திரங்களைக் காண்போர், தேயிலையின் நிறம் செய்முறையால் அமைவது என்பதை உணர்வர். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்தால் கறுப்புத் தேயிலை. சீனர் முறைப்படி விரைவிற் சூடேற்றி நிறமாற்றத்தைத் தடுத்தால் பச்சைத் தேயிலை. செடி ஒன்றே.

ஆயினும் தயாரிக்கும் முறை வேறு. கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீர் வேண்டும். பச்சைத் தேயிலைக்குக் கொதியடங்கிய நீரே ஏற்றது. இன்றேல் கசப்பு மிகும். கொத்தமல்லியையும் இஞ்சியையுமோ அடுப்பிலேயே கொதிக்க விடவேண்டும். சிங்கள மக்கள் வில்வப்பூவையும் ஆவாரம்பூவையும் அவ்வாறு காய்ச்சி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகுவர்.

இனி, நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. தேயிலையின் துவர்ப்புப் பொருள், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கின்றது. ரொட்டியோடு சாயத் தேநீரும் அருந்திவிட்டு மலையேறும் நம் தோட்டத்துச் சகோதரிகளிடையே இரத்தச்சோகை நெடுநாளைய குறையாகும். உலகிற்குத் தேநீர் அளிப்போர் உடல் சோர்தல் தகுமோ?

தேநீரைக் கைவிட வேண்டுவதில்லை. உணவு உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்துக. உணவுடன் வல்லாரைச் சம்பலிலே தேசிக்காய் பிழிந்து உண்க. அப்புளிப்பு இரும்புச் சத்து உடலிற் சேரத் துணைபுரியும். வேலியோரத்து வல்லாரைக்கு விலையில்லை; பயனோ பெரிது.