புதுக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு பயப்பட வேண்டும்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"புதுசா ஒரு வைரஸ் காய்ச்சல் பரவுதாம், எல்லாருக்கும் அனுப்புங்க" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு தகவல் வரும். பெயர்தான் மாறும். 2023 மார்ச்சில் எச்3என்2. 2025 ஜனவரியில் எச்எம்பிவி. அது ஃப்ளூவே அல்ல, 2001-லேயே கண்டுபிடிக்கப்பட்ட வேறொரு வைரஸ். ஆனாலும் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று டிவியில் சொன்னதும் எல்லோருக்கும் கொரோனா ஞாபகம் வந்துவிட்டது.

எவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஒரு பழைய கதையைச் சொல்கிறேன்.

2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட்டில் புனேயில் நாட்டின் முதல் மரணம். அங்கே மக்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு இந்தியாவில் கணக்கில் வந்த மரணங்கள் 1,000-க்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் பெருந்தொற்று முடிந்தது என்றார்கள். நாமும் மறந்துவிட்டோம்.

வைரஸ் போகவில்லை. வருடா வருடம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. 2015-இல் அதே வைரஸால் நம் நாட்டில் ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். புதிதாக வந்தபோது இருந்த பயம், அதிகம் பேர் இறந்தபோது இல்லை. ஆகவே பெயர் புதிதா பழையதா என்று பார்த்துப் பயப்படாதீர்கள். யாருக்கு வந்திருக்கிறது, என்ன அறிகுறி என்று பாருங்கள்.

இதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் அப்போதே ஃப்ளூ நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தது.

முதல் வகை: லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி. பரிசோதனை வேண்டாம், தனி மருந்தும் வேண்டாம். வீட்டில் ஓய்வு, கஞ்சி, நிறையத் தண்ணீர், அளவோடு பாராசிட்டமால். ஒன்றிரண்டு நாள் கவனித்துப் பாருங்கள்.

இரண்டாம் வகை: கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்கள். அல்லது லேசான காய்ச்சல்தான், ஆனால் வந்திருப்பது கர்ப்பிணிக்கு, 65 வயது தாண்டியவருக்கு, சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு. இவர்கள் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒசெல்டமிவிர் என்ற மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாம் வகை: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகம் நீலமாவது, அரை மயக்கம். குழந்தை என்றால் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு. தாமதிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். சிவகாசியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

மருந்துக்கடையில் நாமே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்குவதை விடுங்கள். ஃப்ளூ வைரஸை அது ஒன்றும் செய்யாது. 2023-இல் இந்திய மருத்துவச் சங்கமே இதைச் சொன்னது. காய்ச்சல் 3 நாளில் விட்டாலும் இருமல் 3 வாரம் வரை இழுக்கும் என்றும் சொன்னது. இருமல் நிற்கவில்லையே என்று மாத்திரை மாற்ற வேண்டாம். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அதனால் டாக்டர் சொல்லாமல் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் இங்கே யாரும் லீவு போட மாட்டார்கள். பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் போனால்தான் கூலி. காய்ச்சலோடும் போவார்கள். நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவும், வாட்ச்மேன் அண்ணனும் அப்படித்தான். அவர்கள் இருமினால் நாம் தள்ளி நிற்கிறோம், ஆனால் ஒரு நாள் வரவில்லை என்றால் சம்பளத்தைப் பிடிக்கிறோம். பிறகு அவர்கள் காய்ச்சலை மறைக்காமல் என்ன செய்வார்கள்? காய்ச்சல் என்றால் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு என்று சொல்லிவிடுங்கள். அது தர்மம் மட்டுமல்ல, நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பாதுகாப்பு.

இன்னும் மூன்று வேண்டுகோள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் காலையில் ஒரு போன் போடுங்கள். இரண்டாம் வகையில் வருபவர்கள் ஆண்டுக்கொரு முறை போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி மழைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் பிளாக்கின் அருகே பட்டாசு வெடிக்காமல், மைதானத்துக்குப் போய் வெடியுங்கள்.

நாளை உண்மையிலேயே புதிய வைரஸ் வந்தாலும் அரசு அறிவிக்கும். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேளுங்கள். அதுவரை, குழுவில் வரும் தகவலை அடுத்தவருக்கு அனுப்பும் முன், பக்கத்து வீட்டில் யாராவது இருமுகிறார்களா என்று ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.