பத்திரிகை போட்டவரும் போதகரும்

யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அப்பெரியவருடன் எனக்கு நேர்ப் பழக்கமில்லை. அவர் நூலகத்துக்குக் கொடுத்த புத்தகங்களோடு உண்டு. பொருளுக்கு வருகிறேன்.

என்ன சொல்லப்போகிறேன் என்பது முன்வரிசைக்குத் தெரியும். வணிகர் ஒருவர் போதகரானால் அவர் வாழ்க்கையின் நடுவே கோடு கிழிப்பது சமய வரலாற்று நண்பர்களின் வழக்கம். கோட்டுக்கு இந்தப் பக்கம் காசு, அந்தப் பக்கம் கடவுள். பட்டினத்தார் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அது எளிதில் பிடித்தும்விடுகிறது. அந்தக் கோடே இல்லை என்பதுதான் என் கட்சி. சாட்சிக்கு பிரேசிலின் பத்துயீராவை அழைக்கிறேன்.

அன்தோனியு கொன்சால்வெஸ் த சில்வா 1839-இல் போர்ச்சுகலில் பிறந்தவர். பதினொரு வயதில் கப்பலேறி ரியோவுக்கு வந்தார். அங்கிருந்து கம்பினாஸ், பிறகு சாவோ பாலோ. அங்கே ‘கொர்ரெயு பவுலிஸ்தானோ’ நாளிதழை வீடு வீடாகப் போடும் வேலை. ஓட்டமும் நடையுமாகத் திரிந்த பையனுக்கு ஊரார் ஒரு பறவையின் பெயரை வைத்தார்கள்: பத்துயீரா. கேலிப்பெயரென்று அவர் அதை உதறவில்லை. தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வாடிக்கையாளர் வைத்த பெயரை விடாதவர் வியாபாரி.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நாளிதழைத் தெருவில் கூவி விற்கும் பழக்கம் அன்று சாவோ பாலோவில் இல்லை. அது 1876-இல்தான் வந்தது. பெர்னார் கிரெகுவார் என்ற பிரெஞ்சுக்காரர் குதிரையேறி, ஊதுகொம்பு ஊதி விற்றார். அதற்கு முன்பு பத்திரிகை சந்தாதாரர் வீட்டுக்கு மட்டுமே போகும். அப்படியானால் பத்திரிகை போடும் பையனுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும்? எந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இருக்கிறார், எந்த வீட்டில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்கிறார்கள், எந்தக் கதவைத் திறப்பவர் அடிமை, யார் வீட்டில் சாவு, யார் கடனில் இருக்கிறார். 1872 கணக்கெடுப்பில்கூட அந்த ஊரில் சுமார் 31,000 பேர்தான். நடந்தே அறிந்துவிடக்கூடிய ஊர். பாதிரியாருக்குத் தன் பங்கு தெரியும். பத்திரிகைப் பையனுக்கு எல்லாப் பங்கும் தெரியும்.

பிறகு சுருட்டுச் செய்து விற்றார். சேர்ந்த பணத்தில் லாவாபேஸ் பகுதியில் நிலம் வாங்கி, வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். அந்தப் பகுதியில் ருவா எஸ்பிரிதா, அதாவது ஆவியுலகவாதத் தெரு, இன்றும் இருக்கிறது.

மகனை இழந்த துயரம்தான் அவரை ஆவியுலகக் கோட்பாட்டுக்குக் கொண்டுவந்தது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நண்பர்கள் கோடு கிழிக்கும் இடமும் அதுதான். துயரத்தை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்தது என்ன என்று மட்டும் கேட்கிறேன். 1890-இல் ‘வெர்தாதே இ லூஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். பத்திரிகை! 1897-இல் அது 15,000 படி அச்சானதாகச் சொல்வார்கள். 1890-இல் நகரத்தின் மக்கள்தொகையே ஏறக்குறைய 65,000. ஆவியுலகக் கோட்பாட்டை வகுத்து அலான் கார்தெக் 1857-இல் பாரிசில் வெளியிட்ட நூலைப் படித்தவர்கள் பிரேசிலில் பலர் இருந்தார்கள், மருத்துவர்கள், வக்கீல்கள். தாளைக் கதவு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவர் அவர்களில் எத்தனை பேர்? கொள்கை கார்தெக்குடையது, விநியோகம் பத்துயீராவுடையது. விநியோகத்தைச் சமய வரலாறாக எண்ண நம் துறைக்கு ஏனோ கூச்சம்.

நம்பிக்கையை நான் கடைச்சரக்காக்குகிறேன் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இல்லை. 1890 அக்டோபரில் வந்த தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு ஆவியுலகப் பயிற்சியைக் குற்றமாக்கியது: ஒன்று முதல் ஆறு மாதம் வரை சிறை, அதோடு அபராதம். தகுதிப் பட்டமில்லாமல் ஓமியோபதி பார்ப்பதும் குற்றமாயிற்று. அப்போதும் இவர் ஏழைகளுக்கு ஓமியோபதி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். லாபத்துக்காக யாரும் அந்தக் காரியத்தில் இறங்கமாட்டார்கள். தொழிலில் கற்ற கையும் காலும் நம்பிக்கைக்கு வேலை செய்தன என்கிறேன், அவ்வளவுதான்.

அடிமை ஒழிப்பில் அவர் பங்கு பற்றித் தனியே பேச வேண்டும், நேரமில்லை. அவர் 1909 ஜனவரியில் காலமானார்.

மாணவர்களுக்குச் சில வேலைகள். ரியோவில் 1883-இல் ‘ரெஃபொர்மதோர்’ என்ற ஆவியுலக இதழைத் தொடங்கிய அவுகுஸ்து எலியாஸ் த சில்வாவும் போர்ச்சுகலிலிருந்து வந்தவர், புகைப்படத் தொழிலாளி. மத்தாவில் 1905-இல் ‘ஓ க்ளரீம்’ இதழைத் தொடங்கிய கைர்பார் ஷூத்தெல் மருந்துக்கடைக்காரர். பத்துயீராவையும் இவ்விருவரையும் தொழில்வழியே ஒப்பிட்டு யாராவது எழுதலாம். நமக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு: இலங்கையில் 1873-இல் பௌத்தருக்கும் கிறித்தவருக்கும் இடையே நடந்த பாணந்துறை விவாதத்தை ஆங்கிலத்தில் நூலாக்கிப் பரப்பியவர் ஜேம்ஸ் பீபிள்ஸ் என்ற அமெரிக்க ஆவியுலகவாதி. அந்தப் புத்தகம் யார் கையால் எந்தத் துறைமுகம் வழியாக எங்கெங்கே போயிற்று என்று தேடலாம். சந்தாப் பட்டியல்கள், அச்சகக் கணக்குகள், வாடகைச் சீட்டுகள் ஆகியவற்றையும் ஆவணமாகச் சேர்க்க வேண்டும். மறுப்பு இருந்தால் தேநீர் இடைவேளையில் கேட்கிறேன்.