ஒரு சொல், இரண்டு பொருள்



சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் நம்மில் பலருக்கு வீட்டில் தமிழ். ஆபீசில் தெலுங்கு. இரண்டிலும் ஒன்றுபோலக் கேட்கும் சொற்கள் உண்டு. பொருள் வேறு. 'அவசரம்' என்றால் நமக்கு வேகம். தெலுங்கில் அது தேவை. வேகத்துக்கு அவர்கள் சொல்வது 'தொந்தர'. நம் காதில் அது தொல்லை! இதனால் நஷ்டம் இல்லை, சிரிக்கலாம்.

'ஆதாயம்' அப்படி அல்ல. நமக்கு அது லாபம். தெலுங்கில் வருமானம். வருமான வரியையே 'ஆதாயப் பன்னு' என்கிறார்கள். மண்டல ஆபீசில் "ஆதாயம் எந்த?" என்று கேட்டால், வேர்க்கடலை போட்டு நஷ்டப்பட்டவர் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடக் கூடும். கூலியாக வந்த பணம், பால் ஊற்றி வந்த பணம், அதுவும் ஆதாயம்தான். தப்பாக எழுதினால் மனு திரும்பி வரும்.

சுருக்கெழுத்தும் இப்படித்தான். பேங்கில் 'டி.டி.' என்றால் வரைவோலை. கர்ப்பிணிக்கு நர்சம்மா சொல்லும் 'டி.டி.' ரணஜன்னிக்கான ஊசி. இன்னொரு 'டி' சேர்ந்தால் திருமலை திருப்பதி தேவஸ்தானம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

புள்ளிவிவரத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் சித்தூர் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் 100க்கு சுமார் 72 பேர். இதில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் வேண்டும். தமிழாக இருந்தாலும் சரி. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தால் போதாது. சித்தூர் என்ற பெயரிலும் ஒரு சிக்கல். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தது. திருப்பதி தனி மாவட்டம் ஆனது. 2011 கணக்கில் உள்ள சித்தூர், பழைய பெரிய சித்தூர். அதை இன்றைய சித்தூரோடு ஒப்பிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் 'வேலை'. "உன் சம்சாரம் என்ன வேலை செய்கிறாள்?" என்று கேட்டால், "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்கிறோம். விடியும் முன் மாட்டுக்குத் தீனி வைத்து, சாணி அள்ளி, பால் கறந்தவள் அவள்! 2011 கணக்கெடுப்பின் விதிப்படி, வீட்டுச் செலவுக்கு மட்டும் பால் கறந்தாலும் அது வேலைதான். சொந்த நிலத்தில் கூலி வாங்காமல் களை எடுப்பதும் வேலைதான். ஆண்டில் 6 மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மை உழைப்பாளர். அதற்குக் குறைந்தால் குறுகிய கால உழைப்பாளர்.

சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, தண்ணீர் சுமப்பது இவற்றை அந்தக் கணக்கு வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி சேர்த்துக்கொள்கிற உழைப்பைக்கூட, நம் வாயில் வரும் 'சும்மா' என்ற ஒரு சொல் அழித்துவிடுகிறது. உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை தாளில் குறைந்து நிற்கிறது.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. கணக்கெடுப்பவர் வாசலுக்கு வந்தால், ஆண்பிள்ளை பதில் சொல்லட்டும் என்று உள்ளே போய்விடாதீர்கள், அம்மா. மாட்டை யார் பார்க்கிறார்கள், எத்தனை மாதம் பார்க்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.