ஆபரேஷனுக்குப் பின் பெரியவர்களின் நினைவு

(மருத்துவமனையைத் தாங்கிவரும் அன்பர்களின் கூடுகையில் சேப்ளின் ஆற்றிய உரை)



வயதான பெற்றோருக்கு ஆபரேஷன் என்றதும் பிள்ளைகள் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "உயிருக்கு ஒன்றும் ஆகாதே, ஐயா?" என்பது முதலாவது. அடுத்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "மயக்க மருந்து கொடுத்தால் மூளை கெட்டுப்போகுமாமே?" நாங்கள் டாக்டர் அல்ல. ஆயினும் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்லுகிறோம்.

மயக்க மருந்தைப் பற்றிய பயம் புதிதல்ல. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவ வலிக்குக் குளோரோபாம் கொடுத்தபோது, அது தேவசித்தத்துக்கு விரோதம் என்றார்கள் சிலர். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கர்த்தரே அவனை உறங்கச் செய்தாரே என்று அவர் பதில் சொன்னார். நம் நாட்டிலும் 1888, 1889-ல் ஹைதராபாத் நிஜாம் அரசின் ஆதரவில் இரண்டு கமிஷன்கள் குளோரோபாமை ஆராய்ந்தன. அன்றைய கவலை இருதயமும் சுவாசமும். மூளையைக் குறித்த கவலை, 1955-ல் பெட்போர்டு என்ற ஆங்கில மருத்துவர் 'லான்செட்' இதழில் எழுதியபின் வலுத்தது.

1998-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 1,218 முதியோரைச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஞாபகமும் கவனமும் மங்கியிருந்தன. மூன்று மாதத்தில் அது பத்தில் ஒருவராகக் குறைந்தது. பெரும்பாலோர் தேறிவிட்டார்கள் என்பதே இதில் ஆறுதல்.

அப்படியானால் முழு மயக்கத்தைவிட முதுகில் போடும் ஊசி நல்லதா? இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. இரு முறையிலும் நூற்றுக்கு இருபது பேருக்குப் புத்தித் தடுமாற்றம் வந்தது. எனவே இதற்காக டாக்டரோடு வாதாட வேண்டியதில்லை. மயக்கத்தின் ஆழத்தைக் குறைத்தால் தடுமாற்றம் 28 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைந்தது என்று அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு கூறியது. 2019-ல் வந்த வேறோர் ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை. இதில் முடிவான தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஒன்று நிச்சயம். தூக்க மாத்திரைகளும், தணியாத வலியும், தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்துவதும் பெரியவர்களைத் தடுமாற வைக்கும். ஆகவே அப்பாவின் மாத்திரையையும் மதுவையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எங்களிடம் மறைத்தாலும் பரவாயில்லை!

ஸ்ரீரங்கத்துப் பாட்டியம்மா ஒருவர், ஆபரேஷன் முடிந்த மறுநாள் இரவு, கட்டிலைச் சுற்றிக் காவிரி வெள்ளம் வருகிறது என்று கூவி டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். "காத்துக் கருப்பு பட்டிருக்கு," என்றார் உறவினர் ஒருவர். மகன் வெட்கப்பட்டுத் திரையை இழுத்து மூடினார். டாக்டர் வந்து வலியையும் இரத்தத்தில் உப்பின் அளவையும் பார்த்தார். நர்ஸ் அம்மா, "பாட்டி கண்ணாடி எங்கே?" என்று கேட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்! கண்ணாடி வந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் ஜன்னலைத் திறந்து, "அதோ மலைக்கோட்டை பாரும்மா, நாம திருச்சியில இருக்கோம்," என்றாள். மூன்றாம் நாள், காபி தண்ணீராக இருக்கிறது என்று பாட்டி சண்டை பிடித்தார். வார்டே சிரித்தது.

இது வெறும் பரிவு அல்ல, மருத்துவம். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பொது மருத்துவ வார்டிலிருந்த முதியோருக்கு நாளும் இடமும் சொல்லி, நடக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, கண்ணுக்கும் காதுக்கும் உதவி, இரவில் தூங்கவிட்டார்கள். தடுமாற்றம் நூற்றுக்கு 15-லிருந்து 10-க்குக் கீழே வந்தது. சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்த எலியாவுக்குத் தேவதூதன் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: தூங்கவிட்டான், தொட்டு எழுப்பினான், அடையும் தண்ணீரும் கொடுத்தான்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, துணையின்றி ஆபரேஷனுக்கு வரும் பெரியவர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பெருகிவிட்டார்கள். அன்பானவர்களே, உங்கள் காணிக்கைக்கு நன்றி சொல்லுகிறோம். அதோடு வாரத்தில் ஒரு மணி நேரமும் கேட்கிறோம். வார்டுக்கு வந்து, ஒரு பெரியவரின் கட்டிலருகே உட்கார்ந்து, இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.