பதினான்கு மாத்திரைகளும் அவற்றின் பின் வரும் ஐந்தும்

(அறக்கட்டளையின் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு ‘இதயம் காப்போம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு துணை சுகாதார நிலையத்திற்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே பதினான்கு மாத்திரைகளை ஒருசேரக் கொடுத்துவிடுவது அத்திட்டத்தின் சாரம். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு, அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எட்டு. உள்ளங்கை நிறைய மாத்திரைகளைக் கண்டவுடன் நோயாளியும் உடன் வந்தவரும் மிரள்வது இயல்பே. ஆயினும் மருந்துகள் மூன்றுதான். சிறிய அளவில் எங்கும் கிடைக்கும் மாத்திரைகளைக் கொண்டே முதல் வேளையின் பெரிய அளவை நிறைவு செய்வதால் எண்ணிக்கை பதினான்காகிறது.

ஒரகடத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் இடையிலுள்ள சிற்றூர் ஒன்றில் நள்ளிரவில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், இதயத் தமனியைத் திறக்கும் வசதியுள்ள மருத்துவமனையை அடைவதற்குள் எத்தனை கண்டெய்னர் லாரிகளைக் கடக்க வேண்டும் என்பது அச்சாலையை அறிந்தோர்க்குத் தெரியும். அந்த நேரத்தை வீணாக்காமல் மருந்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மாரடைப்பு என்பது பலரும் எண்ணுவது போல, குழாயில் அழுக்கு சேர்ந்து சேர்ந்து ஒருநாள் முழுவதும் அடைத்துக்கொள்வது அன்று. தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்மூடி திடீரெனக் கிழிகிறது. வெட்டுக்காயத்தில் குருதி உறைவதைப் போலவே அவ்விடத்திலும் உறைகிறது. உடலைக் காக்க அமைந்த செயலே அங்கே உயிருக்கு உலையாகிறது. உறைவதற்கு முதலில் ஓடிவருபவை தட்டணுக்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பதே ஆஸ்பிரினின் வேலை. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே ஒருமுறை ஆஸ்பிரினால் முடக்கப்பட்ட தட்டணு, தன் வாழ்நாளாகிய ஏழு முதல் பத்து நாள் வரை மீள்வதில்லை. ஆனால் உடல் நாள்தோறும் புதிய தட்டணுக்களை உண்டாக்குகிறது. அவற்றையும் முடக்கத்தான் மாத்திரை நாள்தோறும் வேண்டியிருக்கிறது. 1988இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், மாரடைப்பு ஐயத்தோடு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரின் சோதிக்கப்பட்டது. அதைப் பெற்றவரிடையே ஐந்து வாரத்தில் இதய, குருதிக்குழாய் நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சில காசு விலையுள்ள மாத்திரை அது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னரே உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஐம்பத்திரண்டு வயதுள்ள ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த சமணர். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். வாரத்திற்கு ஒரு ஷிப்ட் மாறும். ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில் என ஐந்து மருந்துகள். இப்போது வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, மாடிப்படி ஏறுகிறார். ‘நன்றாகத்தானே இருக்கிறேன், இத்தனை எதற்கு?’ என்று கேட்கிறார். தசலட்சணப் பருவம் நெருங்குகிறது. பத்து நாளும் ஒருவேளை உணவு, நடுவே சில நாள் முழு உபவாசம் என்று உள்ளத்தில் உறுதி பூண்டிருக்கிறார். சூரியன் மறைந்தபின் நீரும் அருந்துவதில்லை. இரவு மாத்திரையை ஏற்கெனவே கைவிட்டுவிட்டார். வீட்டாருக்கு அது தெரியாது.

அவர் கேட்கும் கேள்வி நியாயமானது. அதற்கு ‘டாக்டர் சொன்னால் சாப்பிடுங்கள்’ என்பது விடையாகாது. ஒவ்வொரு மருந்தும் என்ன செய்கிறது என்று அறிந்தவரே எதை நிறுத்தலாகாது என்பதையும் அறிவார்.

குளோபிடோக்ரலும் ஆஸ்பிரினைப் போலத் தட்டணுக்களையே தடுக்கிறது. ஆனால் வேறு வாயில் வழியாக. ஸ்டென்ட் என்பது தமனிக்குள் வைக்கப்பட்ட உலோக வலை. உடல் தன் மெல்லிய உட்தோலால் அதைப் போர்த்தி முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்த உலோகம் குருதிக்கு அயற்பொருளே. இரண்டு மருந்துகளும் ஒருசேரத் தேவைப்படுவது இதனால்தான். மாரடைப்புக்குப் பின் பெரும்பாலும் ஓராண்டு என்பர். குருதிக்கசிவு அபாயம் உள்ளவர்க்கு மருத்துவர் அதைக் குறைப்பதும் உண்டு. ஐந்தாம் மாதத்தில் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே குருதி உறையக்கூடும். அந்த மாரடைப்பு முதலாவதைவிடக் கொடியது. பல் பிடுங்கும் இடத்தில் ‘இரண்டு நாள் நிறுத்துங்கள்’ என்று சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது தகாது.

அடோர்வாஸ்டாடின் கொழுப்பைக் குறைக்கும் என்று எல்லாரும் அறிவர். ‘எனக்குக் கொழுப்பு நார்மல், பின் ஏன்?’ என்ற கேள்வியும் அங்கிருந்தே எழுகிறது. எண்ணெயும் நெய்யும் குறைத்து, புலாலை அறவே அறியாத குடும்பத்தில் பிறந்தவருக்கு இக்கேள்வி இன்னும் வலுவாகத் தோன்றும். ஆனால் உடலிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே உண்டாக்குகிறது. ஒருமுறை திட்டு கிழிந்தவருக்கு மற்ற திட்டுகளும் கிழியாமல் உறுதிப்பட வேண்டும். அதற்காகவே பொதுவான அளவுக்கும் கீழே கொழுப்பைக் கொண்டுசெல்கிறார்கள். இவ்வகை மருந்தை முதலில் கண்டவர் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ. 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஆராய்ந்து, பெனிசிலியம் வகை ஒன்றிலிருந்து எடுத்தார். 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, இம்மருந்து உயிரிழப்பையே 30 விழுக்காடு குறைத்ததைக் காட்டியது. அதுவரை ஐயுற்றவர்கள் அதன்பின் அடங்கினர்.

இம்மருந்தை இரவில்தான் உண்ண வேண்டும் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? கல்லீரல் இரவிலேயே மிகுதியாகக் கொலஸ்ட்ராலை உண்டாக்குகிறது. தொடக்க கால மருந்தான சிம்வாஸ்டாடின் சில மணி நேரத்திலேயே உடலைவிட்டு நீங்கிவிடும். ஆகவே அதை இரவில் கொடுத்தனர். அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் நெடுநேரம் தங்குபவை. காலையில் உண்டாலும் மாலையில் உண்டாலும் பயன் ஒன்றே. இரத்த அழுத்த மருந்துகளுக்கும் இது பொருந்தும்: பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், காலையில் உண்டவர்க்கும் இரவில் உண்டவர்க்கும் இதய நோய் வருவதில் வேறுபாடு காணப்படவில்லை. இரவு உண்ணா நோன்பைக் கடைப்பிடிக்கும் ஒருவர் இதை மருத்துவரிடம் சொன்னால், சீட்டில் ‘இரவு’ என்றிருப்பது ஒரு நிமிடத்தில் ‘காலை’ என்று மாறிவிடும். சொல்லாததால் மாத்திரையே நின்றுபோகிறது. ஷிப்ட் வேலையிலும் இதே நிலை. மூன்றாம் ஷிப்ட் பார்ப்பவருக்கு எது காலை, எது இரவு? வேலை எந்நேரமாயினும் மாறாத ஒரு வேளையை, பகல் உணவை எனக் கொள்ளலாம், மாத்திரையோடு சேர்த்துவிடுவது நல்லது.

மெட்டோப்ரோலால் வேறு வகை. இதயத்திற்கு வரும் குருதியைக் கூட்டுவதற்கு மாறாக, இதயம் கேட்கும் தேவையைக் குறைத்தால் என்ன என்று எண்ணியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். அச்சிந்தனையின் விளைவாக 1960களில் புரோப்ரனோலால் பிறந்தது; 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. பீட்டா தடுப்பான் எனப்படும் இம்மருந்துகள் நாடித் துடிப்பை மெதுவாக்கி இதயத்திற்கு ஓய்வு தருகின்றன. ஐந்தினுள் ஒரே நாளில் நிறுத்தினால் உடனே எதிர்வினை காட்டுவதும் இதுவே. பல மாதம் அடக்கிவைத்த துடிப்பு திமிறி எழும், நெஞ்சுவலி திரும்பும். நிறுத்த வேண்டியிருந்தால் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவர். நாளுக்கு இருமுறை உண்ணும் வகைக்குப் பதிலாக ஒருமுறை உண்ணும் மெதுவாகக் கரையும் வகையும் உண்டு என்பதை நோன்பிருப்போர் குறித்துக்கொள்ளலாம்.

ராமிப்ரிலின் கதை பிரேசில் நாட்டுக் காட்டு விரியன் ஒன்றில் தொடங்குகிறது. அப்பாம்பு தீண்டியவரின் இரத்த அழுத்தம் சரிவதற்கான காரணத்தை ஆராய்ந்தபோது கிடைத்த அறிவிலிருந்து, 1981இல் காப்டோப்ரில் மருந்தாக வந்தது. ராமிப்ரில் அதன் இளவல். எந்தப் பாம்பிலிருந்தும் இன்று இது எடுக்கப்படுவதில்லை, முழுக்க வேதியியல் முறையில் செய்யப்படுவதே. குருதிக்குழாய் இறுகாமல் காத்து, மாரடைப்பில் தழும்பேறிய இதயம் விரிந்து தளராமல் தடுக்கிறது. அழுத்தம் மிகாதவருக்கும் இது எழுதப்படுவது அதனால்தான். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 9,297 பேரிடம் நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டு இதை நிலைநாட்டியது. சிலருக்கு வறட்டு இருமல் வரும். அப்போது டெல்மிசார்ட்டன் போன்றதாக மாற்றுவர். கருவுற்ற பெண்கள் இவ்வகையை உண்ணலாகாது. அம்லோடிபின் குழாயைத் தளர்த்தும். கணுக்கால் சிறிது வீங்கலாம். ஃபுரோசமைட் போன்றவை தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும்.

நாவின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட்டைப் பற்றித் தொழிலாளர் நிறைந்த இவ்வட்டாரத்தில் சற்று விரித்துச் சொல்லலாம். இதன் முன்னோடி நைட்ரோகிளிசரின், டைனமைட்டின் மூலப்பொருள். டைனமைட் ஆலைத் தொழிலாளர்க்கு விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலிக்கும். நெஞ்சுவலி உள்ள தொழிலாளர் சிலருக்கோ வேலைநாளில் வலி நீங்கி, விடுமுறையில் திரும்பும். ஆலைக் காற்றிலிருந்த மருந்தே அவர்களுடைய குழாய்களை விரித்துக்கொண்டிருந்தது. ஆல்பிரட் நோபலுக்கே முதுமையில் மருத்துவர் இதை எழுதிக்கொடுத்தனர். நெஞ்சு இறுகும்போது உட்கார்ந்துகொண்டு நாவின் கீழ் வைக்க வேண்டும்; நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் சரிந்து விழ நேரும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடில் 108ஐ அழைக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை உண்பவர் இதைத் தொடவே கூடாது. வெட்கத்தால் அதை மறைப்பது உயிருக்கே கேடாகலாம்.

நோன்புக்கு வருவோம். பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்று. ஆற்றலை அளக்கும்போது ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதமாயிற்று என்பதும் அந்த அளவையில் சேரும். நீரின்றி இருக்கும் நாளில் ஃபுரோசமைடும் ராமிப்ரிலும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். வெல்டிங் பிரிவிலும் உலைப் பக்கமும் வியர்த்து நிற்பவருக்கு இது இன்னும் விரைவாக நேரும். முதுகுவலிக்கென்று கடையில் தாமே வாங்கும் டைக்ளோபினாக், இபுப்ரோபன் மாத்திரைகள் அதோடு சேர்ந்தால் கேடு மும்மடங்கு. சர்க்கரை நோய்க்கும் இதயத் தளர்ச்சிக்கும் தரப்படும் டாபாக்ளிபுளோசினை உண்பவர், உண்ணாநோன்பின்போது அதைத் தொடரலாமா என்பதை முன்கூட்டியே கேட்டாக வேண்டும். ஆக, நோன்பு நாட்களில் சில மருந்துகளை நிறுத்த வேண்டியிருக்கும், சிலவற்றை ஒரு நாளும் நிறுத்தலாகாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வல்லவர் மருத்துவர் ஒருவரே. பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அவரைப் பார்த்துவிடலாம்.

கேப்சூலைப் பற்றிய தயக்கமும் பலருக்கு உண்டு. மருத்துவரிடம் சொல்லக் கூசி, பேசாமல் எறிந்துவிடுவோரும் உண்டு. தயக்கம் பொருளற்றதன்று. கேப்சூலின் உறை பெரும்பாலும் மாட்டெலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. ஆஸ்பிரினையும் அடோர்வாஸ்டாடினையும் ஒன்றாக்கிய கூட்டு மருந்து பலவும் கேப்சூலாகவே வருகின்றன. ஆனால் அவற்றைத் தனித்தனி மாத்திரையாக எழுதச் சொல்லலாம். ராமிப்ரிலும் மாத்திரையாகக் கிடைக்கிறது. தாவர உறையுள்ள கேப்சூலும் உண்டு. உறையைப் பிரித்துத் தூளை மட்டும் உண்பது, கேளாமல் செய்யத்தக்கதன்று. மருத்துவமனையில் போடும் ஹெப்பாரின் ஊசி பன்றிக்குடலிலிருந்து வருவது. செயற்கையாகச் செய்யப்படும் ஃபாண்டாபாரினக்ஸ் சிலருக்கு மாற்றாகப் பயன்படும். உயிர் ஊசலாடும் வேளையில் அந்த விவாதத்திற்கு நேரமிராது. எதை ஏற்பது என்று நலமாய் இருக்கும்போதே வீட்டில் பேசிவைத்துக்கொள்வது நலம்.

எதிர்த்திசையில் நிகழும் தவறும் ஒன்று உண்டு. கணவருக்கு எழுதிய ஆஸ்பிரினை ‘இதயத்திற்கு நல்லதாமே’ என்று மனைவியும் நாள்தோறும் உண்பது. மாரடைப்போ பக்கவாதமோ வராத எழுபது வயதினரிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், ஆஸ்பிரினால் இதயம் காக்கப்படவில்லை, குருதிக்கசிவே மிகுந்தது. ஒரே மாத்திரை ஒருவருக்கு மருந்து, அடுத்த நாற்காலியில் இருப்பவருக்குத் தீங்கு.

ஐம்பத்திரண்டு வயது மேற்பார்வையாளரிடம் திரும்பினால், அவர் செய்ய வேண்டியவை குறைவே. ஐந்து மருந்துகளையும் பகலுக்குள் அடங்குமாறு மாற்றி எழுதித் தரக் கேட்பது. பத்து நாளும் ஒருவேளை உணவோடு அவற்றை உண்ணலாமா, முழு உபவாசத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாமா என்று கேட்பது. வீட்டாரிடம் உண்மையைச் சொல்வது. இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலைக்குள் நுழையும் எவரும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிடுகின்றனர். அந்த அட்டையின் பின்புறம் ஒரு துண்டுச் சீட்டு: ஐந்து மருந்துகளின் பெயர், அளவு, ஸ்டென்ட் வைத்த தேதி, வீட்டுத் தொலைபேசி எண். இரவு இரண்டு மணிக்கு லைனில் அவர் சாய்ந்தால், மருத்துவ அறையிலிருந்து ஓடிவரும் செவிலியர் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான்.